ஓட்டை ஷூ வாங்கப் போகிறீர்களா, கொஞ்சம் நில்லுங்கள்

வடசென்னைக் காலடிப்பேட்டையில் எங்களுக்கு ஒரு சின்ன டிபன் கடை இருக்கிறது. சாயங்காலம் நாலு மணிக்குத் தோசைக்கல் சூடேறினால் ராத்திரி பதினொன்று வரை நான் அதன் முன்னால் நின்றபடிதான், ஸ்டூல் இருக்கும், உட்கார நேரம் இருக்காது. பல வருஷம் ஹவாய் செருப்பிலேயே ஓட்டிவிட்டேன். ஒரு கட்டத்தில் காலையில் பாயிலிருந்து எழுந்து முதல் அடி வைக்கும்போதே குதிகாலில் ஆணி இறங்குகிற மாதிரி வலிக்க ஆரம்பித்தது. டாக்டர் பார்த்துவிட்டு, முதலில் அந்தத் தேய்ந்துபோன ஹவாயைத் தூக்கிப் போடுங்கள், சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள், மாத்திரையை அப்புறம் பார்க்கலாம் என்றார். அப்படித்தான், க்ராக்ஸ் என்கிறார்களே, மேலே ஓட்டை ஓட்டையாக வைத்தது, அந்த ஓட்டை ஷூ எங்கள் வீட்டுக்கு வந்தது. வந்த அன்றைக்கே அம்மா கேட்டார்: "இன்னாடா இது, மாவு சலிக்கிற சல்லடைய கால்ல மாட்டிக்கினு வந்துகீற?"

அதற்கப்புறம் நாலு ஜோடி பார்த்தாயிற்று. ஒன்று மொட்டைமாடி வெயிலில் சுருங்கியது, ஒன்று வழுக்கி என்னை நடுத்தரையில் உட்கார வைத்தது, ஒன்றில் பாதி கல்யாண மண்டபத்தோடு போயிற்று, நாலாவதில் நின்றுகொண்டுதான் இப்போது தோசை ஊற்றுகிறேன். வாங்கப் போகிறவர்களுக்கு அந்த மூன்று ஜோடிக் காசாவது மிச்சமாகட்டும்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். விரல் பக்கம் மூடி, குதிகால் பக்கம் திறந்து, மேற்பாதத்தைத் தொப்பி மாதிரி கவிழ்ந்து பிடிக்கிற, அடி தடித்த காலணி எல்லாமே க்ளாக்தான். க்ராக்ஸ் என்பது அதைச் செய்கிற ஒரு கம்பெனி. ஆனால் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் போய் "க்ளாக் இருக்கா" என்று கேட்டால் சுவர்க்கடிகாரக் கடைக்குத்தான் வழி காட்டுவார்கள். நகல் எடுப்பதெல்லாம் ஜெராக்ஸ் ஆன மாதிரி, இதில் யார் செய்ததும் க்ராக்ஸ்தான். கடையில் க்ராக்ஸ் என்றே கேளுங்கள், இங்கே நான் க்ளாக் என்று எழுதுகிறேன்.

நேற்று முளைத்த ஃபேஷன் என்று நினைத்துத்தான் பலரும் இதைக் கிண்டல் செய்கிறார்கள். ஆனால் க்ளாக் என்கிற பெயர் முதலில் மரக்காலணிக்குத்தான் இருந்தது. ஹாலந்தில் பாப்ளர், வில்லோ மரத்தைக் குடைந்து ஒரே துண்டாகச் செய்கிற மரக்காலணியைச் சேற்றிலும் மாட்டுத் தொழுவத்திலும் வேலை பார்த்தவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் போட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் அடி மரம், மேலே தோல், மரத்துக்குக் கீழே மாட்டு லாடம் மாதிரி இரும்புப் பட்டை. ஈரத்தரையில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு மலிவாகக் கிடைத்துத் தாக்குப்பிடித்தது அதுதான். பெரம்பூர்ப் பக்கம் பி அண்ட் சி மில் சங்கு கேட்டு வளர்ந்த பெரியவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் அவர்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்: விடியற்காலையில் கல் பாவிய தெருவில் நூற்றுக்கணக்கான ஆலைத் தொழிலாளர்கள் அந்த இரும்புப் பட்டையோடு நடந்து போனால் எப்படிச் சத்தம் கேட்டிருக்கும்! அந்தத் தாளத்திலிருந்து ஒரு நடனமே வளர்ந்தது. சார்லி சாப்ளின் பொடியனாக இருந்தபோது ஆடியது அப்படி ஒரு க்ளாக் நடனக் குழுவில்தான்.

மரத்தில் காலணி என்றால் நமக்கு மட்டும் புதுசா என்ன, பரதன் தலையில் வைத்துக்கொண்டு போன பாதுகை இல்லையா, மடங்களில் இன்றைக்கும் இருக்கிற பாதக்குறடு இல்லையா. ஆனால் பாதக்குறட்டில் குமிழைக் கட்டைவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்ள வேண்டும். ஹவாயும் அதே கதைதான், குமிழுக்குப் பதில் வார். இன்றைக்கு ஹவாயில் நடக்கும்போது குனிந்து உங்கள் விரல்களைப் பாருங்கள். ஒவ்வோர் அடிக்கும் அவை மடங்கிச் செருப்பைப் பிடித்துப் பிடித்து விடும். கடைக்குப் போய்வருகிற பத்து நிமிஷத்துக்கு அது தெரியாது, ஏழு மணி நேரம் நின்றால் கெண்டைக்கால் வரை பேசும். க்ளாக்கில் அந்தப் பிடி வேலையை மேற்பாதத்தின் மேல் இருக்கிற தொப்பி பார்த்துக்கொள்கிறது. விரல்கள் உள்ளே விரிந்து சும்மா கிடக்கலாம். இந்தச் செருப்பின் சுகம் என்று எல்லோரும் சொல்வதில் பாதி இவ்வளவுதான், மீதிப் பாதிதான் மெத்தை.

இப்போது நாம் பார்க்கிற நுரை க்ளாக் 2002-இல் அமெரிக்காவின் கொலராடோவிலிருந்து வந்தது, அதுவும் படகில் போடுவதற்காக. தண்ணீர் ஏறினால் ஓட்டை வழியாக வடிந்துவிட வேண்டும், ஈரப் பலகையில் வழுக்கக் கூடாது. 2008-இல் க்ராக்ஸ் கம்பெனி 18 கோடி டாலருக்கு மேல் நஷ்டப்பட்டது. 2010-இல் டைம் பத்திரிகை உலகின் படுமோசமான 50 கண்டுபிடிப்புகள் என்று ஒரு பட்டியல் போட்டு அதில் இதைச் சேர்த்தது. 2017-இல் பாரிஸில் பலென்சியாகா என்கிற ஃபேஷன் நிறுவனம் இதையே உயரமான அடியோடு மேடையேற்றியது. திட்டுகிறவர்கள் திட்டிக்கொண்டே இருக்க, மற்றவர்கள் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், திட்டுகிறவர்கள் பெரும்பாலும் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள்.

அப்புறம் இன்னொன்று இருக்கிறது, அதை வெளிநாட்டுக்காரர்கள் யோசித்திருக்கவே மாட்டார்கள். நம் ஊரில் செருப்பு என்பது வாசலில் கழற்றுவதற்கான பொருள். வீட்டு வாசல், பக்கத்து வீட்டு வாசல், கோயில், தர்கா, டாக்டர் ரூம், சில நகைக்கடை, மாடியில் துணி எடுக்கப் போகிற படி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழற்றி மாட்டுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். கயிறு கட்டுகிற ஷூவை இருபது தடவை கழற்ற முடியாது என்பதால்தான் நாம் காலமெல்லாம் செருப்பிலேயே இருக்கிறோம், விரலை வெளியே விட்டுக்கொண்டு. குனியாமல், கை வைக்காமல் மாட்டிக்கொள்ள வேண்டும், அதே சமயம் விரலும் மூடியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து வருகிற காலணி இது ஒன்றுதான்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்

பெரும்பாலான நுரை க்ளாக் ஈ.வி.ஏ. என்கிற பொருளில் செய்தது. உள்ளே லட்சக்கணக்கான சின்னக் காற்றுக் குமிழ், ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடிய குமிழ். அதனால்தான் தண்ணீர் ஊறுவதில்லை, எடையும் இல்லை, வாளியில் போட்டால் மிதக்கிறது. பிளாட்பாரத்தில் இதே உருவத்தில் கெட்டிப் பிளாஸ்டிக்கில் வார்த்ததும் விற்கிறது. கையில் தூக்கினாலே வித்தியாசம் தெரியும். குதிகால் வைக்கிற இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், கொஞ்சம் அமுங்கி உடனே எழும்ப வேண்டும். கல் மாதிரி இருந்தாலும் வேண்டாம், பஞ்சு மாதிரி உள்ளே போய் மெதுவாக எழும்பினாலும் வேண்டாம், இரண்டாவது ரகம் இரண்டு மாதத்தில் அப்பளமாகிவிடும். உள்ளே கையை விட்டு ஓட்டைகளின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். மட்ட ரகத்தில் அச்சின் பிசிறு அப்படியே நிற்கும், கடையில் ஐந்து நிமிஷம் போட்டுப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது, மறுநாள் மேற்பாதத்தில் வரிசையாகச் சிவந்து நிற்கும். கடைசியாகத் திருப்பி அடியைப் பாருங்கள். கோடுகள் ஆழமாக இருக்க வேண்டும். படம் மட்டும் வரைந்த மாதிரி இருந்தால் அது காய்ந்த தரைக்கான செருப்பு, நம் ஊரில் அப்படித் தரை ஏது.

எல்லாம் சரியாக இருந்தால் விலை கேளுங்கள். பிளாட்பாரத்தில் நூறுகளில் முடியும், கம்பெனி சரக்கு ஆயிரங்களில் இருக்கும். நான் கம்பெனிதான் வாங்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கும் மாடிக்கும் கடைக்குமாகப் போடுவதற்குப் பிளாட்பாரம் போதும். நாள் முழுக்க நிற்கிற வேலை என்றால் அங்கே கஞ்சத்தனம் வேண்டாம், இரண்டு மலிவு ஜோடி தேய்வதற்குள் கணக்கு நேராகிவிடும். தோல் க்ளாக், அதாவது அடியில் கார்க் அல்லது மரம் வைத்தது வேண்டுமென்றால் பெரியமேடு பக்கம் ஒரு சுற்று சுற்றிப் பார்க்கலாம், தோல் தெரிந்த ஆட்கள் இருக்கிற இடம்.

சைஸ்தான் பலரும் கோட்டை விடுகிற இடம். அடியில் எம் 9, டபிள்யூ 11 என்று இரண்டு எண் போட்டிருந்தால் அது அமெரிக்கக் கணக்கு, எம் ஆண்களுக்கு, டபிள்யூ பெண்களுக்கு. நாம் சாதாரணமாகக் கடையில் சொல்கிற எட்டாம் நம்பருக்கு அது சமம். அதாவது ஆண்கள் தங்கள் நம்பரோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும், பெண்கள் மூன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒரே செருப்புதான், இரண்டு பெயர். ஆன்லைனில் வாங்குகிறவர்கள் எண்ணை நம்பாமல் சென்டிமீட்டரை நம்புங்கள். சுவரோரம் ஒரு தாளைப் போட்டு, குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்று, நீண்ட விரலின் நுனியில் ஒரு கோடு. உட்கார்ந்து அளக்காதீர்கள், எடை இறங்கினால்தான் பாதம் விரியும். காலையில் அளக்காதீர்கள், சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுதான் நிஜமான அளவு. இரண்டு காலையும் அளந்து பெரிய காலுக்கு வாங்குங்கள்.

அகலமும் பார்க்க வேண்டும். அடையாறில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை ஸ்கேன் செய்து அளந்தது. ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களை விட நம் பாதம் அகலம் என்று அதில் தெரிந்தது. சின்ன வயதிலிருந்து வெறுங்காலோடும் திறந்த செருப்போடும் வளர்ந்த காலுக்கு அகலமான மூக்கு இருக்கிற க்ளாக் ஏன் இவ்வளவு இதமாக இருக்கிறது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். போட்டு நின்றால் விரலுக்கு முன்னால் ஒரு சுண்டுவிரல் அகலம் காலி இருக்க வேண்டும், பக்கவாட்டில் எங்கேயும் அமுக்கக் கூடாது, மேற்பாதத்தில் மட்டும் மெதுவாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடக்கும்போது குதிகால் லேசாக மேலெழும்பும், அது தப்பில்லை, க்ளாக் அப்படித்தான். ஆனால் கழன்று விடாமல் இருக்க விரலை மடக்குகிறீர்கள் என்றால் சைஸ் பெரியது. அப்படி மடக்கினால் ஹவாய்க்கும் இதற்கும் என்ன வித்தியாசம், காசுதான் தண்டம்.

சமையல்கட்டில் நிற்பவர்களுக்கு மட்டும்

என் மாதிரி அடுப்பு முன்னால் நிற்கிறவர்கள் ஓட்டை வைத்ததைப் போடவே போடாதீர்கள். நான் ஒரு வருஷம் போட்டேன். வடைச் சட்டியிலிருந்து தெறித்த எண்ணெய் பதின்மூன்று ஓட்டையில் சரியாக ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து உள்ளே போனது. சமையல்காரர்களுக்கென்றே மேலே ஓட்டையில்லாமல் மூடிய க்ளாக் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர்க்காரர்கள் போடுவதும் அந்த ரகம்தான். கயிறு ஷூவை விட இது நல்லது என்பதற்கு ஒரு காரணம் உண்டு: சுடுதண்ணீரோ எண்ணெயோ கொட்டிவிட்டால் ஒரே உதறில் காலை வெளியே எடுத்துவிடலாம். அதனாலேயே அடுப்புப் பக்கம் குதிகாலைப் பிடிக்கிற பின்வாரைப் போடாமல் முன்னால் தள்ளிவிட்டுத்தான் நிற்க வேண்டும். உள்ளே சாக்ஸ் போட்டால் பருத்தி சாக்ஸ், நைலான் சூட்டில் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

அடிப்பாகம் இன்னும் முக்கியம். முழுக்க நுரையாலான அடி எண்ணெய்த் தரையில் பனிக்கட்டிதான். என் இரண்டாவது ஜோடி என்னைச் சாம்பார் வாளியோடு உட்கார வைத்தது அப்படித்தான் (சாம்பார் ஆறியிருந்தது, கருமாரியம்மன் புண்ணியம்). எண்ணெய்க்கு வழுக்காத ரப்பர் அடி தனியாக ஒட்டியது கிடைக்கிறது, எடை கொஞ்சம் கூடும், பரவாயில்லை. காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன், ஐஸ் தண்ணீரும் செதிலும் சேர்ந்த தரையில் தேய்ந்த க்ளாக்கோடு கால் வைக்காதீர்கள். தேய்ந்துவிட்டதா என்று கண்டுபிடிப்பது சுலபம். கட்டைவிரலுக்குக் கீழே பாதம் ஊன்றுகிற இடத்தில் அடிக்கோட்டில் நகத்தை விடுங்கள், நகம் மாட்டாமல் சறுக்கினால் அந்த ஜோடியின் வெளிவேலை முடிந்தது.

மழைக்காலம்

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இதன் ராஜ்ஜியம் என்று நினைத்துத்தான் பலர் வாங்குகிறார்கள். தெருவில் கணுக்கால் வரை தண்ணீர் என்றால் உண்மையிலேயே ராஜ்ஜியம்தான், நனைந்தாலும் கனக்காது, வீட்டுக்கு வந்து கவிழ்த்து வைத்தால் சீக்கிரம் காய்ந்துவிடும். அதற்கு மேல் தண்ணீர் இருந்தால் எதிரி. மிதக்கிற பொருள் என்று முன்னால் சொன்னேன் இல்லையா, முழங்கால் தண்ணீரில் நீங்கள் ஒரு பக்கம் போனால் அது வேறு பக்கம் போகும். வியாசர்பாடி, புளியந்தோப்பு, பட்டாளம் பக்கம் இருக்கிறவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கும். ஓட்டை வழியாகப் பாதம் முழுக்க நனையும், காலில் சின்னக் கீறல் இருந்தால் எலிக்காய்ச்சல் கிருமிக்கு அது போதும். தேங்கிய தண்ணீரில் இறங்கியே ஆக வேண்டுமென்றால் கம்பூட். இல்லையென்றால் வீட்டுக்கு வந்ததும் காலையும் க்ளாக்கையும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கைத் துணியால் ஒற்றித் துடையுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் சேற்றுப்புண் வரும், வந்தால் சீக்கிரம் போகாது.

மழை நாளில் வாசலில் கிடக்கிற க்ளாக்கை உதறாமல் கால் விடாதீர்கள். இருட்டாக, மூடியதாக ஓர் இடம் கிடைத்தால் பூரானுக்கு அது சொந்த வீடு. தலைகீழாகப் பிடித்து இரண்டு தட்டு தட்டுங்கள்.

சர்க்கரை இருக்கிறவர்களுக்கு இந்தத் தட்டல் மழைக்காலத்துக்கு மட்டும் இல்லை, தினமும் வேண்டும். ஓட்டை வழியாகச் சின்னக் கல் உள்ளே வரும், காலில் மரத்துப்போன உணர்ச்சி இருந்தால் சாயங்காலம் வரை அது தெரியவே தெரியாது, தெரியும்போது புண்ணாகியிருக்கும். எங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை, அவருக்கு நான் க்ளாக் வாங்கவில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த, மெத்தென்ற ரப்பர் அடி வைத்த எம்.சி.ஆர். செருப்புதான், குதிகாலைச் சுற்றி வார் இருக்கிற ரகம். க்ளாக் சுகம்தான், ஆனால் அது மருந்து இல்லை.

வண்டியும் எஸ்கலேட்டரும்

ஸ்கூட்டி ஓட்டுகிறவர்கள் பின்வாரைக் குதிகாலுக்குப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சிக்னலில் கால் ஊன்றும்போது செருப்பு ஒரு பக்கம் பாதம் ஒரு பக்கம் என்றாகிவிடும். கியர் வண்டிக்கு இதைப் போடவே வேண்டாம். கியரை மேலே தூக்குகிற இடத்தில் நுரை சீக்கிரம் குழி விழும், அதை விட மோசம் அவசரத்தில் பிரேக் மிதிக்கும்போது பாதம் உள்ளுக்குள் சறுக்குவது. காரிலும் அப்படித்தான், அகல மூக்கு இரண்டு மிதிகளுக்கு நடுவில் போய் மாட்டும்.

2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எஸ்கலேட்டர் தினசரி விளையாட்டாகிவிட்டது. மெத்தென்ற நுரை எஸ்கலேட்டர் ஓரத்தில் உரசினால் படிக்கும் பக்கச் சுவருக்கும் நடுவில் இழுத்துக்கொள்ளும். உலகம் முழுக்க இப்படிப் பிள்ளைகளுக்கு அடிபட்டிருக்கிறது, ஜப்பான் அரசாங்கம் 2008-இல் இதற்காகவே கம்பெனியிடம் வடிவமைப்பை மாற்றச் சொன்னது. பிள்ளையைப் படியின் நடுவில் நிறுத்துங்கள், மஞ்சள் கோட்டுக்கு உள்ளே, கையைப் பிடித்துக்கொண்டு, மேலே போய்ச் சேரும்போது காலைத் தேய்க்காமல் தூக்கி வைக்கச் சொல்லுங்கள்.

கழுவுவது, காய வைப்பது, ஒட்டுவது

சுருங்கிப்போன முதல் ஜோடியின் கதை இங்கேதான். ஒரு மே மாதம், அக்னி நட்சத்திரம், கழுவி மொட்டைமாடித் தளத்தில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் எடுத்துப் போட்டால் விரல் உள்ளே மடங்குகிறது. என்னடா கால் வளர்ந்துவிட்டதா என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே நினைத்தேன். சூட்டில் ஈ.வி.ஏ. சுருங்கும், சுருங்கியது சுருங்கியதுதான். வெயிலில் நிறுத்திய காருக்குள், வண்டி சீட்டுக்கு அடியில், அடுப்புக்குப் பக்கத்தில், எங்கேயும் வைக்காதீர்கள். வாஷிங் மெஷினில் வெந்நீர் விடாதீர்கள். வாளித் தண்ணீர், கொஞ்சம் துணி சோப்பு, பழைய பல்துலக்கும் பிரஷ், நிழலில் கவிழ்த்துக் காய வைப்பது, இவ்வளவுதான். நாற்றம் வந்தால் சமையல் சோடாவைக் குழைத்து உள்ளே தடவி ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் கழுவுங்கள். நுரை வியர்வையை உறிஞ்சாது, பாதத்திலேயே தங்கும், அதனால் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போட முடிந்தால் நாற்றம் வருவதே குறையும்.

தோல், கார்க் வைத்தவை வேறு ஜாதி. அவற்றை நனைக்கவே கூடாது, நனைந்துவிட்டால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். நம் கடலோரக் காற்றில் இரண்டு மாதம் பீரோவுக்குள் வைத்தால் பூஞ்சை பூத்துவிடும். பாலியூரித்தேன் என்கிற இன்னொரு வகை நுரையில் அடி உள்ளதை நல்ல நாளுக்கு என்று பத்திரமாக மூடி வைத்தால் இன்னும் வேடிக்கை. ஈரப்பதத்தில் அந்தப் பொருள் தானே சிதையும், இரண்டு மூன்று வருஷம் கழித்து எடுத்து மாட்டினால் நடுத்தெருவில் ரஸ்க் மாதிரி உதிரும். போட்டுத் தேயட்டும், அதற்காகத்தான் வாங்கினோம்.

பின்வார் அறுந்தால் நுரையைத் தைக்க முயலாதீர்கள், ஊசி போன வழியே கிழியும். சாதாரணப் பசையும் ஈ.வி.ஏ.யில் சரியாகப் பிடிக்காது. என்னுடையது போன வருஷம் அறுந்தபோது தேரடிப் பக்கம் செருப்பு தைக்கிற அண்ணன் பழைய நைலான் பட்டையை அளவுக்கு வெட்டி, இரண்டு பக்கமும் ஏற்கெனவே இருந்த பட்டன் துளையிலேயே ஒரு சின்ன போல்ட் போட்டு, உள்பக்கம் வாஷர் வைத்து முறுக்கிக் கொடுத்தார். கம்பெனி வாரை விட அது கெட்டி. போல்ட்டின் தலை வெளிப்பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், என்னுடையது முதல் நாளே எதிர்க்காலின் கணுவைக் கிழித்தது.

எதோடு போடுவது

இதில் நான் பெரிய ஆள் இல்லை, சுருக்கமாக முடிக்கிறேன். க்ளாக்கின் மூக்கு பெரிசு, அதனால் பேன்ட் கணுக்காலுக்கு மேலே நிற்க வேண்டும், தரையைப் பெருக்குகிற பேன்ட்டோடு போட்டால் வாத்துக்கால் தெரியும். முக்கால் பேன்ட், கைலி, குர்த்தி, காட்டன் புடவை, எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும். பட்டுப்புடவைக்கு வேண்டாம் என்பது அம்மாவின் தீர்ப்பு, எனக்கு எதிர்த்துப் பேச தைரியமில்லை. வெள்ளை நிறம் ஆன்லைனில் பார்க்க அழகாக இருக்கும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு வாரம் நடந்தால் அது சாம்பல் நிறம். கறுப்பு, பாசி, காபி நிறம், இந்த மூன்றும் இந்த ஊருக்கு அடங்கும். கறுப்பு வெயிலில் சீக்கிரம் சூடேறும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

கறுப்புக்கு இன்னொரு கஷ்டம், ஊரில் பாதிப் பேர் கறுப்புதான் போடுகிறார்கள். ஓட்டையில் குத்துகிற பொம்மைகளை நான் முதலில் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நினைத்தேன். 2005-இல் கொலராடோவில் ஓர் அம்மா பிள்ளைகளின் ஓட்டை ஷூவில் பூவும் பட்டனும் குத்தி ஆரம்பித்தது, அடுத்த வருஷமே கம்பெனி அந்தத் தொழிலை 1 கோடி டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டது. இந்த ஊரில் அதற்கு வேறு உபயோகம் இருக்கிறது: அடையாளம். கோயில் வாசலிலும் மண்டபத்து வாசலிலும் ஒரே மாதிரி பத்து ஜோடி கிடக்கும்போது உங்களுடையது எது என்று எப்படித் தெரியும்? பொம்மை பிடிக்காவிட்டால் உள்பக்கம் குதிகாலில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வையுங்கள், தண்ணீரில் போகாது.

என் மூன்றாவது ஜோடியில் நான் அதைச் செய்யவில்லை. தண்டையார்பேட்டையில் ஒரு ரிசப்ஷன், பந்தி முடிந்து வெற்றிலையை மென்றுகொண்டே இருட்டில் காலை விட்டுக் கிளம்பினேன், வீட்டுக்கு வந்து விளக்கில் பார்த்தால் இடது எட்டு, வலது ஒன்பது. மறுநாள் காலையில் மண்டபத்துக்குப் போய் விசாரித்தேன். வாட்ச்மேன் சிரித்துவிட்டு, நேத்து ராத்திரியே ஒருத்தர் வந்து இதையே கேட்டுட்டுப் போனாருப்பா, நம்பர் வாங்கி வெக்காம விட்டுட்டேன் என்றார். அந்த ஒன்பதாம் நம்பர் இன்னும் எங்கள் மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது.